விலைப் போக்கின் சாய்வை அளப்பது எப்படி: டிகிரியை விட்டு சதவீதத்துக்கு வர ஒரு முழுமையான வழிகாட்டி

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் எம்சிஎக்ஸ் என்ற பண்டச் சந்தையின் வெள்ளி சார்ட்டைப் பார்க்கிறார். ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருப்பவர் நியூயார்க் அராபிகா சார்ட்டைப் பார்க்கிறார். இரும்பாலை நம்ம ஊரில் இருக்கிறதே என்று செயில் பங்கைத் தொடர்கிறவர்களும் சேலத்தில் உண்டு. மூன்று பேரும் சார்ட்டில் ஒரு கோடு போட்டு, "45 டிகிரியில் ஏறுது, நல்ல டிரெண்ட்" என்பார்கள். அந்த 45 டிகிரி விலையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அது திரையின் அளவைப் பொறுத்தது. விலையின் வேகத்தைச் சொல்லும் எண் வேறு. அதை எப்படி எடுப்பது, எங்கெங்கே கணக்கு தப்பும் என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில் டிகிரியைச் சோதித்துப் பாருங்கள்

டிரேடிங்வியூ என்ற சார்ட் தளத்தில் ஏதாவது ஒரு பங்கின் தினசரி சார்ட்டைத் திறந்து, இரண்டு தாழ்வுகளை இணைத்து ஒரு டிரெண்ட் லைன் போடுங்கள். கோட்டின் மேல் இரட்டை கிளிக் செய்தால் செட்டிங்ஸ் வரும். அதில் ஸ்டாட்ஸ் என்ற பகுதியில் பிரைஸ் ரேஞ்ச், பெர்சென்ட் சேஞ்ச், பார்ஸ் ரேஞ்ச், ஆங்கிள் நான்கையும் டிக் செய்யுங்கள். கோட்டின் ஓரத்தில் நான்கு எண்களும் தெரியும்.

இப்போது வலது பக்க விலை அளவுகோலை மவுஸால் பிடித்து மேலும் கீழும் இழுங்கள். 30 டிகிரியாக இருந்த கோடு 55 ஆகும், 12 ஆகும். மற்ற மூன்று எண்களும் அசையாது. கீழே உள்ள நேர அளவுகோலை இழுத்தாலும் இதேதான். போனைப் படுக்கவைத்துத் திருப்பினாலும் கோணம் மாறும். விலையில் ஒரு பைசா மாற்றம் இல்லை.

ஏற்காடு மலைப்பாதையின் ஏற்றத்தை யாரும் போட்டோவில் எவ்வளவு செங்குத்தாகத் தெரிகிறது என்று வைத்துச் சொல்வதில்லை. கிலோமீட்டருக்கு இத்தனை மீட்டர் ஏறுகிறது என்றுதான் சொல்ல முடியும். சார்ட்டிலும் அப்படித்தான்: ஒரு கேண்டிலுக்கு இவ்வளவு விலை. (கேண்டில் என்பது ஒரு நாளின், அல்லது நாம் தேர்ந்த கால அளவின், விலையைக் காட்டும் ஒரு கட்டை.)

சார்ட்டில் கோணங்களை வைத்து விலையைப் பார்க்கும் கான் முறையில் பழகியவர்கள் இங்கே மறுப்பார்கள். டபிள்யூ. டி. கான் 45 டிகிரி என்று சொன்னது ஒரு அலகு நேரத்துக்கு ஒரு அலகு விலை என்ற பொருளில். கட்டம் போட்ட தாளில் அளவு நிலையாக இருக்கும். கணினித் திரையில் இருக்காது. கோணத்தைத்தான் பார்ப்பேன் என்றால், விலை அளவுகோலில் வலது கிளிக் செய்து ‘லாக் பிரைஸ் டு பார் ரேஷியோ’ என்பதைத் தேர்ந்தெடுங்கள் (இங்கே லாக் என்றால் பூட்டுவது). அதன்பிறகு எவ்வளவு ஜூம் செய்தாலும் விலைக்கும் கேண்டிலுக்கும் உள்ள விகிதம் மாறாது. ஒரே பங்கில் இரண்டு காலகட்டங்களின் கோணத்தை ஒப்பிடலாம். ஆனால் 130 ரூபாய்ப் பங்கின் கோணத்தை 3,000 ரூபாய்ப் பங்கின் கோணத்தோடு அப்போதும் ஒப்பிட முடியாது. அதனால் நமக்கு அது போதாது.

இரண்டு புள்ளிச் சாய்வு

மிக எளிய அளவு இது. கோடு தொடங்கும் விலை, முடியும் விலை, இடையே எத்தனை கேண்டில் என்ற மூன்றும் வேண்டும்.

புள்ளிகளைக் கண்மட்டத்தில் வைக்காதீர்கள். இடது பக்கக் கருவிப்பட்டியில் காந்தக் குறியை அழுத்தி ஸ்ட்ராங் மேக்னட்டை ஆன் செய்தால், கோட்டின் முனை கேண்டிலின் ஓப்பன், ஹை, லோ, குளோஸ் (தொடக்க, உச்ச, தாழ்வு, முடிவு விலைகள்) ஏதாவது ஒன்றில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு முனை லோவில் ஒட்டினால் மறுமுனையும் லோவில்தான் ஒட்ட வேண்டும். தொடக்கம் லோவிலும் முடிவு குளோஸிலும் இருந்தால் ஏற்றம் ஊதிப்போய்த் தெரியும்.

கணக்குக்காக ஒரு பங்கு 400 ரூபாயிலிருந்து 20 கேண்டிலில் 436 ரூபாய் போனதாக வைத்துக்கொள்வோம். 36-ஐ 20-ஆல் வகுத்தால் கேண்டிலுக்கு 1.80 ரூபாய். இன்னொரு பங்கு அதே 20 கேண்டிலில் 2,400-லிருந்து 2,496 போகிறது. கேண்டிலுக்கு 4.80 ரூபாய். ரூபாயில் பார்த்தால் இரண்டாவதுதான் வேகம். சதவீதத்தில் முதலாவது 9% ஏறியிருக்கிறது, இரண்டாவது 4% மட்டும்.

கேண்டில் எண்ணிக்கையில் அடிக்கடி ஒன்று கூடிவிடும். திரையில் விரல் வைத்து எண்ணினால் முதல் கேண்டில், கடைசிக் கேண்டில் இரண்டையும் சேர்த்து 21 என்று வரும். நமக்கு வேண்டியது இடைவெளிகள், அதாவது 20. மென்பொருளின் பார்ஸ் ரேஞ்ச் இடைவெளியைத்தான் காட்டுகிறது, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். 5 கேண்டில் அளவுள்ள சின்ன நகர்வில் இந்த ஒரு பிசகு சாய்வையே கால் பங்குவரை மாற்றிவிடும்.

ஏன் லாக்

9%-ஐ 20-ஆல் வகுத்து 0.45% என்று வைத்துக்கொண்டால் தோராயமாகச் சரிதான். ஆனால் விலை கூட்டு வட்டி போல நகர்கிறது. அதனால் இயல் மடக்கை, அதாவது லாக், எடுத்து வகுப்பதே முறை. 436-ஐ 400-ஆல் வகுத்தால் 1.09, அதன் இயல் மடக்கை 0.0862, 20-ஆல் வகுத்தால் 0.0043, அதாவது கேண்டிலுக்கு 0.43%. இரண்டாவது பங்குக்கு இதே கணக்கில் 0.20%. போன் கால்குலேட்டரில் எல்என் என்று இருக்கும் பொத்தான்தான் இதற்கு.

வித்தியாசம் சின்னதாகத் தெரிந்தாலும் கோட்டை முன்னோக்கி நீட்டும்போது பெரிதாகும். அதே 400, 436 கோட்டைச் சாதாரண அளவுகோலில் 60-ஆவது கேண்டில்வரை நீட்டினால் 508 ரூபாயில் நிற்கும். ஆல்ட் விசையோடு எல் அழுத்தி, சம சதவீதம் சம உயரமாகத் தெரியும் லாக் அளவுகோலுக்கு மாற்றினால் அதே கோடு 518 ரூபாயைக் காட்டும். முனைகள் மாறவில்லை, இடைப்பட்ட பாதையும் நீட்சியும் மாறிவிட்டன. "கோடு உடைஞ்சிடுச்சு" என்று ஒருவரும், "இன்னும் உடையலை" என்று இன்னொருவரும் ஒரே சார்ட்டை வைத்து வாதாடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எந்த அளவுகோலில் கோடு போட்டீர்களோ அதிலேயே கடைசிவரை பாருங்கள். சில வாரங்களுக்குள் அடங்கும் நகர்வுக்குச் சாதாரண அளவுகோல் போதும். விலை ஒன்றரை மடங்குக்கு மேல் மாறிய காலத்தைப் பார்த்தால் லாக் தவிர வேறு எதிலும் கோடு போடக் கூடாது.

எண்ணுக்கு ஒரு பழக்கம் வர வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 250 வர்த்தக நாள் என்று வைத்தால், நாளுக்கு 0.05% என்பது ஆண்டுக்குச் சுமார் 13%. நாளுக்கு 0.1% என்றால் 28%. 0.2% என்றால் 65%. 0.4% என்றால் 172%. மேலே நாம் பார்த்த 0.43% ஒரு ஆண்டு நீடித்தால் பங்கு கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். அப்படி நீடிப்பது அரிது என்று தெரிந்தால், அந்தச் சாய்வு தணியத்தான் போகிறது என்று முன்கூட்டியே எதிர்பார்க்கலாம். ஆண்டுக் கணக்காக மாற்றுவது இந்த உணர்வுக்காக மட்டும். அதை லாப எதிர்பார்ப்பாக எடுத்துக்கொள்வது தவறு.

இரண்டு புள்ளி போதாத இடம்

2024 ஜூன் முதல் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்தல் முடிவு வந்த வாரம். நிஃப்டி முடிவு விலைகள் ஜூன் 3 அன்று 23,264, 4 அன்று 21,885, 5 அன்று 22,620, 6 அன்று 22,821, 7 அன்று 23,290.

3-ஆம் தேதியிலிருந்து 7-ஆம் தேதிக்குக் கோடு போட்டால் நாளுக்கு வெறும் 6.5 புள்ளி. சந்தை அசையவே இல்லை என்று சொல்லலாம். 4-லிருந்து 7-க்குப் போட்டால் நாளுக்கு 468 புள்ளி, அதாவது 2%-க்கும் மேல். அதே ஐந்து நாள், அதே விலைகள். புள்ளியை எங்கே வைக்கிறோம் என்பதே பதிலைத் தீர்மானிக்கிறது. வாங்கிவிட்ட பங்கில் நாம் கோடு போடும்போது கை தானாகவே தாழ்ந்த புள்ளியைத் தேடிப் போகும்.

இதற்கு மாற்று லீனியர் ரிக்ரெஷன். எல்லா முடிவு விலைகளையும் சேர்த்து, அவற்றுக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளிகளின் வர்க்கக் கூட்டல் மிகக் குறைவாக வரும்படி ஒரே ஒரு கோட்டைக் கணிக்கிறது. மேலே உள்ள ஐந்து நாளுக்கும் கையாலேயே போடலாம். நாள்களுக்கு −2, −1, 0, 1, 2 என்று எண் கொடுங்கள். ஒவ்வொரு விலையையும் அதன் எண்ணால் பெருக்கிக் கூட்டினால் 988 வரும். எண்களின் வர்க்கக் கூட்டல் 10. வகுத்தால் நாளுக்குச் சுமார் 99 புள்ளி.

ஆனால் இந்த 99-ஐ நம்பலாமா? அதற்குத்தான் ஆர் ஸ்கொயர். கோடு எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்பதை 0 முதல் 1 வரை சொல்லும் எண். இந்த ஐந்து நாளுக்கு அது வெறும் 0.07. விலையின் அலைச்சலில் 7% மட்டுமே கோட்டால் விளங்குகிறது. மீதி அத்தனையும் ஆட்டம். அதனால் 99 புள்ளி என்ற சாய்வுக்கு அங்கே மதிப்பே இல்லை. சாய்வை எழுதும்போது பக்கத்தில் ஆர் ஸ்கொயரை எழுதாமல் விடவே கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கடைசிக் கேண்டிலின் ஆட்டத்தையும் ரிக்ரெஷன் நன்றாகத் தாங்கும். 20 கேண்டில் எடுத்து, கடைசி விலை 10 ரூபாய் மாறினால் இரண்டு புள்ளிச் சாய்வு 53 பைசா மாறும். ரிக்ரெஷன் சாய்வு 14 பைசாதான் மாறும்.

மென்பொருளில் எடுக்கும் முறை

டிரேடிங்வியூவின் வரைகருவிகளில் ரிக்ரெஷன் டிரெண்ட் என்று ஒன்று உண்டு. தொடக்கக் கேண்டிலில் ஒரு கிளிக், முடிவில் ஒரு கிளிக். நடுவே ஒரு கோடும் மேலும் கீழும் இரண்டு கோடுகளும் வரும். மேல், கீழ் கோடுகள் இயல்பாக 2 டீவியேஷன் (திட்ட விலக்கம்) தூரத்தில் இருக்கும். கூடவே பியர்சன்ஸ் ஆர் என்று ஓர் எண் காட்டும். அது ஆர் ஸ்கொயர் இல்லை. அதை அதனாலேயே பெருக்கினால்தான் ஆர் ஸ்கொயர். 0.7 என்று பார்த்து மகிழ்ந்தால், வர்க்கம் 0.49 தான். கூட்டல், கழித்தல் குறியைப் பொருட்படுத்த வேண்டாம். வர்க்கத்தில் அது போய்விடும்.

இந்தக் கருவி சாய்வை எண்ணாகக் காட்டாது. நடுக்கோட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் கர்சரை வைத்து விலை அளவுகோலில் மதிப்பைப் படித்து, முன்பு செய்தது போலவே லாக் கணக்குப் போட வேண்டும். ஓரிரண்டு பங்குக்கு இது போதும். தினமும் பார்ப்பதற்கு இன்டிகேட்டர் வேண்டும்.

டிரேடிங்வியூவின் நிரல்மொழியான பைன் ஸ்கிரிப்டில் ஸ்லோப்புக்கென்று (சாய்வுக்கென்று) தனி ஃபங்ஷன் கிடையாது, ரிக்ரெஷன் கோட்டின் மதிப்பைத் தரும் லின்ரெக் உண்டு. குளோஸ் விலையின் லாகை முதலில் எடுத்துக்கொண்டு, 20 நீளத்துக்கு ஆஃப்செட் 0 வைத்து லின்ரெக் ஒன்று, ஆஃப்செட் 1 வைத்து இன்னொன்று எடுங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ஒரே கோட்டின் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளின் வித்தியாசம் வரும். அதுதான் சாய்வு. 100-ஆல் பெருக்கினால் கேண்டிலுக்கு எத்தனை சதவீதம் என்று கிடைக்கும். இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: இன்றைய லின்ரெக் மதிப்பிலிருந்து நேற்றைய லின்ரெக் மதிப்பைக் கழிப்பது. நேற்றையது நேற்றைய கோட்டின் நுனி, இன்றையது இன்றைய கோட்டின் நுனி. இரண்டு வேறு கோடுகள். அந்த எண் தேவையில்லாமல் துள்ளும்.

அமிபுரோக்கர் என்ற சார்ட் மென்பொருளில் லின்ரெக்ஸ்லோப் என்ற ஃபங்ஷனே இருக்கிறது. குளோஸின் லாகையும் 20-ஐயும் கொடுத்தால் முடிந்தது. சார்ட்ஐக்யூ வகைச் சார்ட்டுகளில் லீனியர் ரெக் ஸ்லோப், லீனியர் ரெக் ஆர்2 என்று இரண்டு தனித்தனி ஸ்டடிகள் உண்டு. ஆனால் முதலாவது ரூபாயில் வரும். குளோஸ் விலையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் ஒப்பிடத்தக்க சதவீதமாகும்.

ஷீட்டில் ஒரு முறை கையால் போடுங்கள்

இன்டிகேட்டரை நம்பும் முன் கூகுள் ஷீட்டிலோ எக்செலிலோ ஒரே ஒரு பங்குக்குப் போட்டுச் சரிபார்ப்பது நல்லது. முதல் நெடுவரிசையில் 1, 2, 3 என்று வரிசை எண். இரண்டாவதில் முடிவு விலை. மூன்றாவதில் அதன் எல்என். நான்காவதில் ஸ்லோப் ஃபங்ஷன், கடைசி 20 வரிகளுக்கு. ஐந்தாவதில் ஆர் ஸ்கொயரைத் தரும் ஆர்எஸ்க்யூ ஃபங்ஷன், அதே 20 வரிகளுக்கு. கூகுள் ஷீட்டில் என்எஸ்இ பங்குகளின் பழைய முடிவு விலைகளைக் கூகுள்ஃபைனான்ஸ் ஃபங்ஷன் நேரடியாகக் கொண்டுவந்துவிடும்.

ஸ்லோப் ஃபங்ஷனுக்கு முதலில் விலையின் எல்என் வரிசை, பிறகு நாள் வரிசை கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் பிழை எதுவும் காட்டாது, அர்த்தமில்லாத பெரிய எண் ஒன்று வரும். நாளுக்கு 40, 60 என்று பார்த்தால் உடனே இதைச் சந்தேகப்படுங்கள்.

நாள் வரிசையில் தேதியைப் போடலாமா என்றால், போடலாம். ஆனால் அப்போது வருவது காலண்டர் நாளுக்கான சாய்வு. சனி, ஞாயிறு, பொங்கல் விடுமுறை எல்லாம் அதில் சேரும். ஆண்டுக்கு 365 நாள் கணக்கில் அந்த எண், 250 நாள் கணக்கில் வரும் எண்ணில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். தேதியால் எடுத்த சாய்வை 250-ஆல் பெருக்கினால் ஆண்டு வளர்ச்சி குறைவாகத் தெரியும். வரிசை எண் என்றால் 250, தேதி என்றால் 365. கலக்காதீர்கள்.

என்எஸ்இ தளத்திலிருந்து இறக்கும் கோப்பில் புதிய தேதி மேலே, பழைய தேதி கீழே இருக்கும். அப்படியே மேலிருந்து 1, 2, 3 என்று எண் போட்டால் ஏற்றம் இறக்கமாகிவிடும். முதலில் தேதிவாரியாகத் திருப்பி அடுக்குங்கள். 1,234.50 என்று காற்புள்ளியோடு வரும் விலை சில சமயம் எழுத்தாகவே உட்கார்ந்துகொள்ளும். செல்லில் இடதுபக்கம் ஒட்டி நிற்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். எல்என் எடுக்காமல் விலை வரிசையையே நேரடியாகக் கொடுத்தால் அந்த வரிகளை ஸ்லோப் ஓசையில்லாமல் தவிர்த்துவிடும், 20 என்று நினைத்தது 13 ஆக இருக்கும். இன்னொன்று, அந்தக் கோப்பின் பழைய விலைகள் ஸ்ப்ளிட், போனஸுக்குத் திருத்தப்பட்டவை அல்ல. 1-க்கு 1 போனஸ் நடுவில் வந்தால் விலை பாதியாகி, சாய்வு பாதாளத்துக்குப் போகும். போனஸ் தேதிக்கு முந்தைய விலைகளை நீங்களே பாதியாக்க வேண்டும்.

எத்தனை கேண்டில் எடுப்பது

20, 50, 90 என்பவை பொதுவாகப் புழங்கும் நீளங்கள். ஒரு உண்மையை மனதில் வைத்தால் தேர்வு எளிதாகும்: 20 கேண்டில் ரிக்ரெஷன் சொல்லும் வேகம் இன்றைய வேகம் இல்லை, அந்த 20-இன் சராசரி வேகம். அதன் மையம் ஏறத்தாழ 10 கேண்டிலுக்கு முன்னால் இருக்கிறது. 90 எடுத்தால் 45 நாள் பழையது. அதனால் ஒன்றை மட்டும் பார்க்காமல் 20-ஐயும் 90-ஐயும் சேர்த்துப் பாருங்கள். 90-இன் சாய்வு 0.15%, 20-இன் சாய்வு 0.04% என்றால் ஏற்றம் தளர்ந்திருக்கிறது, சார்ட்டில் விலை இன்னும் மேலேயே நின்றாலும்.

மூவிங் ஆவரேஜின் (கடந்த சில நாள் விலைகளின் நகரும் சராசரி) சாய்வைப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 20 நாள் சிம்பிள் மூவிங் ஆவரேஜ் இன்று எவ்வளவு மாறும் என்பது, இன்றைய விலையிலிருந்து 20 நாளுக்கு முந்தைய விலையைக் கழித்து 20-ஆல் வகுத்த எண்தான். அதாவது அதுவும் இரண்டு புள்ளிச் சாய்வே. இன்று எதுவுமே நடக்காமல், 20 நாளுக்கு முந்தைய ஒரு பள்ளம் கணக்கிலிருந்து வெளியேறுவதால் மட்டும் ஆவரேஜ் வளையக்கூடும். நடுவில் உள்ள 18, 19 நாளைப் பற்றி அன்றைய மாற்றம் எதையும் சொல்லாது.

உள்நாள் சார்ட்டில் கேண்டில் எண்ணிக்கையைச் சந்தை நேரத்தோடு பொருத்துங்கள். பங்குச் சந்தை காலை 9.15 முதல் மாலை 3.30 வரை 375 நிமிடம். 15 நிமிடச் சார்ட்டில் நாளுக்கு 25 கேண்டில். 50 கேண்டில் சாய்வு என்றால் இரண்டு நாள். எம்சிஎக்ஸ் வெள்ளி காலை 9 முதல் இரவு 11.30 வரை நடக்கும்போது அதே 15 நிமிடத்தில் 58 கேண்டில்; 50 கேண்டில் ஒரு நாள்கூட ஆகாது. பட்டறைக்காரரும் பங்குக்காரரும் "50 கேண்டில் ஸ்லோப்" என்று ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேறு பொருள்கள். தீபாவளி முகூர்த்த வர்த்தகமும் தினசரி சார்ட்டில் ஒரு முழுக் கேண்டிலாக நிற்கும். 20 கேண்டிலில் அது பெரிய கெடுதல் செய்யாது, 5 கேண்டிலில் செய்யும்.

ஹெய்கின் ஆஷி, ரெங்கோ சார்ட்டுகளில் சாய்வை அளக்கவே வேண்டாம். முன்னதில் காட்டுவது சராசரியாக்கிய விலை, உண்மையில் வர்த்தகமான விலை இல்லை. பின்னதில் கிடைமட்ட அச்சில் நேரமே இல்லை.

வெள்ளி, காபி பார்ப்பவர்களுக்கு

பங்குகளுக்கு இல்லாத ஒரு பொறி ஃபியூச்சர்ஸ் (ஒரு குறிப்பிட்ட மாதத்துக்கான முன்பேர ஒப்பந்தம்) சார்ட்டில் உண்டு: கான்ட்ராக்ட் மாறும் நாள். எம்சிஎக்ஸ் 30 கிலோ வெள்ளிக்கு மார்ச், மே, ஜூலை, செப்டம்பர், டிசம்பர் மாதங்கள். நியூயார்க் அராபிகாவுக்கும் அதே ஐந்து மாதங்கள். தொடர் சார்ட்டில் ஒரு மாதம் முடிந்து அடுத்த மாதத்துக்குத் தாவும்போது விலையில் ஒரு படி விழும். கிலோ 1,00,000 ரூபாய் என்று வைத்து, அடுத்த மாதம் 1,500 ரூபாய் கூடுதலாக நடந்தால், 20 கேண்டிலுக்கான இரண்டு புள்ளிச் சாய்வில் அது மட்டுமே கேண்டிலுக்கு 75 ரூபாய், அதாவது 0.075% சேர்க்கும். ஆண்டுக் கணக்கில் 20% போலத் தெரியும் இந்த ஏற்றம் எந்த வியாபாரியின் கைக்கும் வராது. பின்மாதம் மலிவாக இருந்தால் இதே அளவு இல்லாத இறக்கம் தெரியும்.

தவிர்க்க இரண்டு வழி. ஒரே மாதத்தின் கான்ட்ராக்டைத் தனியாகத் திறந்து அதிலேயே அளப்பது முதல் வழி. 20 முதல் 50 கேண்டில்வரை இதுதான் சிறந்தது. டிரேடிங்வியூ தொடர் சார்ட்டில் பேக் அட்ஜஸ்ட்டை ஆன் செய்வது இரண்டாவது. அது பழைய விலைகளை நகர்த்திப் படியைச் சமன் செய்யும். ஆனால் பல ஆண்டுகள் பின்னே போனால் அந்தப் பழைய விலைகள் உண்மையில் நடந்த விலைகளாக இருக்காது. அங்கே சதவீதச் சாய்வு தவறும்.

கான்ட்ராக்ட் மாறாமலேயும் படி விழலாம். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் தங்கம், வெள்ளி மீதான சுங்க வரி 15%-லிருந்து 6% ஆனது. அன்றே எம்சிஎக்ஸ் வெள்ளி செங்குத்தாக இறங்கியது. உலகச் சந்தையின் போக்கு அப்படி மாறவில்லை, விலையின் மட்டம்தான் ஒரே நாளில் கீழே வந்தது. இப்படியொரு நாள் நடுவில் இருந்தால் அதற்கு முன் ஒரு சாய்வு, பின் ஒரு சாய்வு என்று பிரித்தே அளக்க வேண்டும். சேர்த்து அளந்தால் இரண்டு பக்கமும் இல்லாத ஒரு இறக்கம் கிடைக்கும்.

லாக் சாய்வின் பெரிய வசதி இந்த வியாபாரங்களில்தான் தெரியும். அதைக் கூட்டலாம். அராபிகா ஒரு பவுண்டுக்கு இத்தனை அமெரிக்க சென்ட் என்று நடக்கிறது. அதை கிலோவுக்கும் ரூபாய்க்கும் மாற்றிச் சிரமப்பட வேண்டாம். பவுண்டை கிலோ ஆக்குவது நிலையான எண்ணால் பெருக்குவது. லாக் சாய்வை அது தொடாது. டாலர் மதிப்பு மட்டும் தினமும் நகர்கிறது. ஆகவே காபியின் சாய்வு நாளுக்கு 0.20%, டாலர்-ரூபாய் சார்ட்டின் சாய்வு 0.02% என்றால், ரூபாயில் காபியின் சாய்வு 0.22%. இரண்டுக்கும் ஒரே தேதி வரம்பு இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஏற்காட்டுத் தோட்டக்காரருக்கு இதில் ஒரு நேரடிப் பலன்: ஏற்றம் காபியால் வருகிறதா, ரூபாய் சரிவதால் வருகிறதா என்று பிரித்துப் பார்க்க முடியும். வெள்ளிக்கும் இதே முறைதான், வரி மாறாத காலத்தில்.

ஆட்டத்தோடு ஒப்பிடுவது

ஒரே சாய்வு இரண்டு பொருள்களில் ஒரே தரம் இல்லை. நாளுக்கு 0.30% ஏறும் பங்கின் ஏடிஆர் (விலை ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்ற அளவு), 14 நாளுக்கு, விலையில் 3% என்று வைப்போம். இன்னொன்று நாளுக்கு 0.15% தான் ஏறுகிறது, ஏடிஆர் 1%. முதலாவதில் சாய்வு ஏடிஆரில் 0.10 பங்கு, இரண்டாவதில் 0.15. வேகம் பாதியாக இருந்தாலும் ஆட்டத்துக்கு ஏற்ற வேகம் இரண்டாவதில்தான் அதிகம். அங்கே ஸ்டாப்லாஸ் (நஷ்டத்தை நிறுத்த முன்கூட்டியே வைக்கும் விலை) தேவையில்லாமல் அடிபடுவது குறையும். பலரும் சாய்வை ஆர் ஸ்கொயரால் பெருக்கி வரிசைப்படுத்துவது உண்டு. அதுவும் நல்ல முறை. இரண்டில் ஒன்றைத்தான் வைக்க முடியும் என்றால் ஏடிஆரை வைப்பதே மேல்.

காரணம் ஆர் ஸ்கொயருக்கு ஒரு பலவீனம் உண்டு. விலை ஒவ்வொரு நாளும் நேற்றைய விலையிலிருந்துதான் தொடங்குகிறது. அதனால் நாணயம் சுண்டிப் போட்டு உருவாக்கிய போலி விலைத் தொடரில்கூட 0.8, 0.9 என்று ஆர் ஸ்கொயர் சுலபமாக வரும். ஷீட்டில் ரேண்டம் எண்களைக் கூட்டிக்கொண்டே போய் நீங்களே பார்க்கலாம். ஆகவே குறைந்த ஆர் ஸ்கொயர் சாய்வைத் தள்ளிவிடக் காரணமாகும். உயர்ந்த ஆர் ஸ்கொயர், நாளையும் இப்படியே ஏறும் என்பதற்கு ஆதாரமாகாது.

குறித்து வைப்பது

வாரம் ஒரு முறை, வெள்ளிக்கிழமை எல்லாச் சந்தையும் முடிந்தபின், ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் அளங்கள். நடந்துகொண்டிருக்கும் கேண்டிலைச் சேர்க்காதீர்கள். முடியாத கேண்டிலின் குளோஸ் ஒவ்வொரு நொடியும் மாறும், நீங்கள் எழுதும் எண்ணை மறுபடி யாராலும் சரிபார்க்க முடியாது. ஒரு வரியில் இவை இருந்தால் போதும்: பொருள், கான்ட்ராக்ட் மாதம், சார்ட் காலம், தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, கேண்டில் எண்ணிக்கை, லாக் சாய்வு, ஆர் ஸ்கொயர், ஏடிஆரில் எத்தனை பங்கு. உதாரணமாக: வெள்ளி, செப்டம்பர், தினசரி, (தொடக்கத் தேதி), (முடிவுத் தேதி), 20 கேண்டில், 0.22%, 0.81, 0.12. தேதி எழுதாத சாய்வை அடுத்த மாதம் எதனோடும் ஒப்பிட முடியாது. டிகிரிக்கு அந்த வரியில் இடம் தேவையில்லை.